இறங்காமல் கடந்த மைஹாமா

பிப்ரவரி 16, திங்கள் – நிஷி கசாய்

டோக்கியோ டிஸ்னிலேண்ட் டோக்கியோவில் இல்லை. பழைய எடோ ஆற்றைத் தாண்டினால் சிபா மாகாணம் வந்துவிடும். அதில் உராயாசு என்கிற ஊரில் இருக்கிறது. நாங்கள் அறை எடுத்திருக்கும் நிஷி கசாய் ஆற்றுக்கு இந்தக் கரை, டோக்கியோவின் கிழக்கு ஓரம். பக்கத்து கசாய் ஸ்டேஷன் வாசலிலிருந்து டிஸ்னிக்கே நேராக பஸ் போகிறது. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு மாமா முகத்தைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த சாம்பிள் பெட்டியின் ஜிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குக் கரூரில் தறியும் தையலும். சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, ஏப்ரன் என்று ஏற்றுமதி. மகுஹாரியில் ஒரு ஜவுளிக் கண்காட்சி; அதில் ஒரு சின்ன ஸ்டால் பிடித்திருக்கிறோம். நான் வந்தது இங்கிலீஷ் பேசவும் பெட்டி தூக்கவும். நிஷி கசாயை மாமா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சோறு. 2000ஆம் ஆண்டையொட்டி கணினி வேலைக்கு வந்த நம் நாட்டவர்கள் இங்கே குடியேற, இப்போது இதை 'குட்டி இந்தியா' என்கிறார்கள். இறங்கிய சாயங்காலமே தோசை கிடைத்தது. 1,200 யென். மாமா மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்து, சட்னியை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார்.

என் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் புரியாத இந்தியில் டிஸ்னி கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவன் நான். அதைவிட, இங்கே டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்திலேயே 2001இல் திறந்த டிஸ்னிசீ என்று ஒன்று இருக்கிறது. கடலையே கருவாக வைத்துக் கட்டிய பூங்கா, உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நடுவில் ஒரு எரிமலை. அதன் வரைபடம் எனக்கு மனப்பாடம். மனைவி இதைக் கிறுக்கு என்பாள். மகள் என் கட்சி.

"மாமா, ஒரு நா சாயங்காலம் மட்டும் போய்ட்டு வந்தரலாங்களா?"

"சோலி முடியட்டும் மாப்ள."

இதற்குக் கொங்கு நாட்டில் என்ன அர்த்தம் என்று அந்தப் பக்கத்தில் பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 17, செவ்வாய் – மகுஹாரி

ஸ்டால் கட்டும் நாள். காலையில் நகர பஸ்ஸில் 210 யென் கொடுத்து கசாய் ரின்காய் பூங்கா ஸ்டேஷன். அங்கிருந்து கெய்யோ லைன் ரயில். குளிர் நான்கைந்து டிகிரி இருக்கும், கடற்காற்று வேறு. பிளாட்பாரத்தில் தானியங்கிப் பெட்டியில் சுடச்சுட டின் மில்க் டீ வாங்கி மாமா கையில் கொடுத்தேன். குடிக்காமல் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் குடித்தார். "டீயுனு சொல்ல முடியாது. ஆனா சூடு நல்ல சூடு."

இந்த ரயிலில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே மைஹாமா, அதாவது டிஸ்னி. வண்டி வந்து நின்றபோது உள்ளே பாதிப் பேர் தலையில் காது. எலிக்காது, முயல்காது, பூனைக்காது. குழந்தைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் தலை முதல் கால் வரை ஒரே மாதிரி உடுத்தியிருந்தார்கள். ஐம்பது வயதுத் தம்பதி ஒன்று, கோட்டுக்கு மேல் காது. மறுபாதி அலுவலகம் போகிறவர்கள்; கறுப்புக் கோட்டு, கறுப்புப் பை. ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. நம் ஊர் என்றால் அந்த ஐம்பது வயதுக்காரரை இறங்கும்வரை விட்டிருப்போமா?

ஆற்றுப் பாலம் ஏறியதும் வலது பக்கம் டிஸ்னிலேண்டின் சிண்ட்ரெல்லா கோட்டைக் கோபுரம் தெரிந்தது. 51 மீட்டர் உயரமாம். ரயிலிலிருந்து பார்க்க அவ்வளவு தெரியவில்லை. நீலமும் வெள்ளையுமாக மரங்களுக்கு மேலே கொஞ்சம். பெட்டியிலிருந்த குழந்தைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. நானும்தான். மைஹாமாவில் கதவு திறந்ததும் காதுகள் மொத்தமும் இறங்கிப் போயின. இத்தனை கூட்டத்தில் ஒரு முழங்கைகூட எங்கள் மேல் படவில்லை. பெட்டி காலி. எதிரெதிரே நாங்களும் சாம்பிள் பெட்டிகளும் கறுப்புக் கோட்டுக்காரர்களும். கதவு மூட ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கொஞ்ச தூரத்தில் எரிமலையின் முதுகுப்புறமும் தெரிந்தது. முன்பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்; ஆனால் பின்பக்கத்தைப் பற்றி யாருமே எழுதியதில்லை.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இத்தன எடம் எப்படிக் கெடச்சுது?"

நல்ல கேள்வி. இதெல்லாம் கடல். உராயாசு மீனவ ஊர். கிளிஞ்சலும் கடற்பாசியும்தான் பிழைப்பு. தண்ணீர் கெட்டு, கடலைத் தூர்க்கும் திட்டமும் வந்து, 1971இல் மீன்பிடி உரிமையை மொத்தமாக விட்டுக்கொடுத்தார்கள். தூர்த்த நிலத்தில் 1983 ஏப்ரல் 15 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது. நடத்துவது அமெரிக்கக் கம்பெனி இல்லை, ஓரியண்டல் லேண்ட் என்கிற ஜப்பானியக் கம்பெனி; பெயருக்கும் உருவங்களுக்கும் உரிமத் தொகை கட்டுகிறது. 2011 நிலநடுக்கத்தில் உராயாசுவில் தூர்த்த மண் குழம்பாகிச் சாலைகள் நெளிந்தபோது, முன்கூட்டியே நிலத்தை இறுக்கி வைத்திருந்ததால் பூங்காவுக்குள் பெரிய சேதமில்லை. வண்டி நிறுத்துமிடம்தான் குழம்பியது.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது மகுஹாரி வந்துவிட்டது. "லைசென்ஸ் காசு எத்தன பர்சன்ட்?" என்றார் மாமா.

பிப்ரவரி 18, புதன் – மகுஹாரி, நிஹோன்பாஷி

முதல் நாள் கண்காட்சி. வந்தவர்கள் எல்லாம் விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார்கள். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. சாயங்காலத்துக்குள் அவர் குனிவதில் தேறிவிட்டார். துணியைத் தொட்டுப் பார்ப்பதற்குக்கூட அனுமதி கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பார்க்கிறார்கள். ஓரத் தையலில் ஒரு நூல் நீண்டிருந்தால் அதையே பார்க்கிறார்கள்.

மதியச் சாப்பாடுதான் பெரும்பாடு. மாமா சைவம். இங்கே காய்கறி சூப்பிலும் மீன் கருவாட்டுச் சாறு இருக்கும். கன்வீனியன்ஸ் கடையில் பாக்கெட் சாதம் கிடைக்கிறது, இருநூறு யென்னுக்குள். கல்லாவிலிருந்த பெண்ணிடம் சைகையால் சூடாக்கித் தரச் சொல்லி, ஸ்டாலுக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்தோம். எண்ணெய் வாசம் பக்கத்து ஸ்டால் வரை போயிருக்க வேண்டும். அங்கிருந்த பெரியவர் எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் நாலு மாண்டரின் ஆரஞ்சு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பேச்சில்லை. மாமா பதிலுக்கு முறுக்கு கொடுத்தார்.

சாயங்காலம் நிஹோன்பாஷியில் மொத்த வியாபாரி ஒருவரைப் பார்க்க வேண்டும். ஹச்சோபோரி வரை அதே கெய்யோ லைன். மைஹாமாவில் ஏறிய கூட்டத்தில், காலையில் போன காதுகள் திரும்பிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: இவர்கள் காதை எங்கே கழற்றுகிறார்கள்?

மைஹாமாவில் கழற்றவில்லை. கசாய் ரின்காயிலும் இல்லை. ஷின் கிபாவில் ரயில் மாற இறங்கிய இரண்டு மாணவிகள், கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் ஒருத்திக்கொருத்தி கழற்றிவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். மற்றவர்கள் அசையவில்லை. ஷியோமி தாண்டியதும் ரயில் பூமிக்கடியில் இறங்குகிறது. வெளியே இருட்டாகி, சன்னல் கண்ணாடிகள் எல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடிகளாகிவிட்டன. அப்போது பார்க்க வேண்டும்! எதிரே நின்ற நடுவயதுக்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். காதை எடுத்து, அது மடங்காமல் இரு கையாலும் கைப்பைக்குள் வைத்து, கழுத்துப் பட்டியை மேலே ஏற்றினார். அடுத்தடுத்து மூன்று நான்கு பேர். யாரும் யாரையும் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை, சுரங்கம்தான் செய்தது.

மொத்த வியாபாரி பச்சைத் தேநீர் கொடுத்தார். விலை குறைக்கச் சொன்னார். இரவு வந்து படுக்கப் பதினொன்று.

பிப்ரவரி 19, வியாழன்

நாள் முழுக்க ஸ்டால். மழை. டிஸ்னிக் கோபுரம்கூட மழையில் தெரியவில்லை. மகள் போனில் பாப்கார்ன் பக்கெட் கேட்டாள். கழுத்தில் தொங்கப் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் பக்கெட் அது. பூங்காவுக்குள் மட்டும்தான் விற்பார்கள். "ஒரே ஸ்டேஷன்தானேப்பா" என்றாள். ஆமாம், ஒரே ஸ்டேஷன்.

ஆனால் நல்ல செய்தி ஒன்று. நாளை கடைசி நாள், நான்கு மணிக்குக் கண்காட்சி முடிகிறது. வார நாட்களில் மாலை ஐந்துக்கு மேல் உள்ளே போக ஒரு டிக்கெட் இருக்கிறது. நாளைப் பொறுத்து 4,500 யென்னிலிருந்து. முழு நாள் டிக்கெட்டுக்கு அது பாதிச் சொச்சம். இரவு ஒன்பது வரை இருக்கலாம். மாமாவிடம் கணக்கைச் சொன்னேன். "நீ போய்ட்டு வா மாப்ள. நான் ரூமுக்குப் போய்ப் படுக்கிறேன்" என்றார். அனுமதி!

பிப்ரவரி 20, வெள்ளி – காற்று

காலையிலிருந்தே காற்று. மகுஹாரியில் கடலோரம் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. அங்கே ஸ்கோர் பலகையிலேயே காற்றின் வேகத்தைக் காட்டுவார்களாம். அந்த அளவுக்குக் காற்றுக்குப் பேர்போன இடம். மதியம் அரங்கத்துக்கு வெளியே கொடிக்கம்பங்கள் முனகுவது உள்ளே வரை கேட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. நான்கு மணிக்குத் துணிகளைச் சுருட்டி, பெட்டி கட்டி, மாமாவை முன்னே நடக்கவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தால் வாசலில் கூட்டம் அப்படியே நிற்கிறது. பலகையில் சிவப்பு எழுத்து ஓடுகிறது. பலத்த காற்றினால் கெய்யோ லைன் நிறுத்தம்.

கடலை ஒட்டிப் பாலங்கள் மேலே ஓடுகிற தடம் இது. காற்று ஒரு அளவைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள். எப்போது ஓடும் என்று ஊழியரிடம் கேட்டேன். இரண்டு கையையும் குறுக்கே வைத்து 'இல்லை' என்று காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். பின்னாலிருந்தவருக்கும் அதே கை, அதே குனிவு. யாரும் கத்தவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, காற்றைப் பார்த்து.

மகுஹாரி ஹோங்கோ என்கிற ஸ்டேஷனுக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து சோபு லைன், நிஷி ஃபுனாபாஷியில் மாறி டோசாய் லைன். இதுதான் சுற்று வழி. பஸ் வரிசை நடைமேடையில் வளைந்து வளைந்து சாலை முனை வரை நின்றது. இரட்டைப் பெட்டி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அள்ளிக்கொண்டு போகின்றன, வரிசை குறைந்தபாடில்லை. மாமாவின் மப்ளர் ஒரு தரம் பறந்தது. முன்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் ஓடிப்போய் எடுத்துவந்து, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, மடித்துக் கொடுத்தான். தன் இடம் போய்விடுமே என்று அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை; இடமும் போகவில்லை, அவன் நின்ற அளவு இடைவெளி அப்படியே காலியாக இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஐந்து மணி, ஐந்தரை, ஆறு. என் டிஸ்னிசீ அந்த வரிசையிலேயே முடிந்துபோனது.

டோசாய் லைனில் நிற்க இடம் கிடைத்ததே பெரிசு. உராயாசு ஸ்டேஷனில் கதவு திறந்தபோதுதான் எதிர்பாராதது நடந்தது. கெய்யோ லைன் நின்றுபோனதால் டிஸ்னியிலிருந்து கிளம்பியவர்கள் எல்லாம் பஸ் பிடித்து இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள். காதுகளும் பக்கெட்டுகளும் ஆளுயரப் பொம்மைகளும் ஒரே மூச்சில் ஏறின. காற்றில் தலைமுடி எல்லாம் கலைந்து காடாக இருந்தது. காது மட்டும் நேராக நின்றது. குழந்தையைத் தோளில் தூங்கப் போட்டிருந்த ஒரு தகப்பன் மாமா மேல் சாய்ந்துவிட்டு, நிமிர முடியாமல், சாய்ந்தபடியே மன்னிப்புக் கேட்டார். பேச்சிலிருந்து பிடித்துக்கொண்டதில், வாணவேடிக்கையும் காற்றினால் ரத்து என்று தெரிந்தது. எனக்கு அதில் ஒரு அற்ப திருப்தி.

நிஷி கசாயில் அந்தக் குடும்பமும் இறங்கியது. பெரிய பெண்ணுக்கு ஆறு ஏழு வயது இருக்கும். மாமா அவள் கழுத்தில் தொங்கிய பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் மோல்டு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்திருப்பார். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ரயிலுக்குள் யாரும் எதுவும் தின்பதில்லை. பிளாட்பாரம் வந்ததும் மூடியைத் திறந்து மாமா முன்னால் நீட்டினாள். மாமா தயங்கி, இரண்டே இரண்டு எடுத்து வாயில் போட்டார். கண் அகன்றது.

"மாப்ள, இது மசாலா!"

கறி பாப்கார்ன். டோக்கியோ டிஸ்னிலேண்டில் நெடுநாளாக இருக்கிற சுவை. மஞ்சள் தூள் விரலில் ஒட்டியது. சீரகமும் மல்லியும் மூக்குக்குத் தெரிந்தது. உப்பு கொஞ்சம் குறைச்சல், காரம் பேருக்கு. எனக்கும் நீட்டினாள். மாமா பையைத் துழாவிக் கடைசி முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, கண்காட்சியில் பழகிய மாதிரி குனிந்தார். அவளும் குனிந்தாள். பக்கெட் சாய்ந்து நாலைந்து பொரி தரையில் கொட்டியது. அவளுடைய அம்மா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி டிஷ்யூவில் மடித்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 21, சனி – மைஹாமா, நரிதா

விமானம் சாயங்காலம்தான். நரிதாவுக்கு எப்படிப் போவது என்று பார்த்தால், டிஸ்னியிலிருந்தே நேராக விமான நிலைய பஸ் இருக்கிறது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மாற வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காக மாமா மைஹாமா வரச் சம்மதித்தார். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரேயே போன் வாயேஜ் என்று ஒரு கடை. பழைய காலத்துப் பயணப் பெட்டி வடிவத்தில் கட்டிடம். டிக்கெட் இல்லாமல் பூங்காச் சாமான்கள் வாங்கலாம். பக்கெட் இல்லை; விசாரித்தும் பார்த்தேன். மகளுக்கு ஒரு காதும் சாக்லேட் டின் ஒன்றும் எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா துண்டுப் பிரிவில் நிற்கிறார். ஜப்பானில் ஆளுக்கொரு கைத்துண்டு பையில் வைத்திருப்பார்கள். கழிவறைகளில் கை துடைக்கப் பல இடங்களில் ஒன்றும் இருக்காது. ஆக, சுவர் முழுக்கக் கைத்துண்டு. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு துண்டைப் புரட்டினார். முன்பக்கம் காஸ் என்கிற மெல்லிய துணி, அச்சு நன்றாக விழுவதற்கு. பின்பக்கம் டெர்ரி, தண்ணீர் இழுக்க. ஓரத்தை நகத்தால் நிமிண்டினார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"கிராமேஜ், அதான் துணியோட கனம், பெரிசா இல்ல. தையலப் பாரு, ஒரு பிசிறு இருக்குதா? எலிப் படம் போட்டுட்டா ஆயிரம் யென்னு."

மூன்று துண்டு வாங்கினார். அந்தக் கடைக்குள் மாமா இருபது நிமிஷம் இருந்தார். நான் சொல்லவில்லை, அவரேதான் இருந்தார்.

மிச்சமிருந்த நேரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் முடியும். பூங்காக்களைச் சுற்றி ஒரு மோனோரயில் ஓடுகிறது. நான்கு ஸ்டேஷன், ஒரே திசை, சுற்றுவதற்குப் பதின்மூன்று நிமிஷம், ஆளுக்கு 300 யென். சன்னல் எலித்தலை வடிவம்; பிடித்துக்கொள்ளும் வளையமும் எலித்தலைதான். முன்னால் ஓட்டுநர் கிடையாது. தானாக ஓடுகிறது, ரயில் கார்டு ஒருவர் மட்டும் பின்னால். மாமா ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாததைப் பார்த்துவிட்டு வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டிஸ்னிலேண்ட் ஸ்டேஷனில் எங்களைத் தவிர ஏறக்குறைய எல்லாரும் இறங்கினார்கள். கோபுரம் இந்த முறை அடியிலிருந்து நுனிவரை தெரிந்தது. வாசல் வரை வரிசை, சனிக்கிழமை. ரயில் வளைந்து கடல் பக்கம் போனது. காற்று ஓய்ந்து, டோக்கியோ வளைகுடா தட்டையாக வெயிலில் கிடந்தது. ஓட்டல்கள். பேசைடு ஸ்டேஷன். அப்புறம் டிஸ்னிசீயில் 2024 ஜூனில் திறந்த புதுப் பகுதியான ஃபேன்டசி ஸ்பிரிங்ஸின் பாறை முகடுகள், அதன் பின்னால் என் எரிமலை. எரிமலை லேசாகப் புகைந்தது. அது பொய்ப்புகை என்று தெரிந்தும் போன் எடுத்துப் படம் பிடித்தேன். படத்தில் பாதிக்குச் சன்னலின் கறுப்புக் காது விழுந்திருக்கிறது. டிஸ்னிசீ ஸ்டேஷனில் கதவு திறந்தபோது பாட்டு கேட்டது, வறுத்த சர்க்கரை வாசமும் வந்தது. கதவு மூடியது.

நரிதா பஸ்ஸில் மாமா நோட்டை எடுத்துச் செலவு எழுத ஆரம்பித்தார்.

"அந்த ரயிலுக்கு ஆறுநூறு குடுத்தமே, அது எந்த ஊருக்குப் போச்சு?"

"எங்கயும் போகலீங்க மாமா. சுத்தி, ஏறுன எடத்துலயே எறக்கி விட்டுருச்சு."

மாமா பேனாவை மூடாமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் 'உள்ளூர் போக்குவரத்து, 600' என்று எழுதினார். துண்டுக்கான பில்லை 'சாம்பிள்' கணக்கில் சேர்த்தார். கரூரில் அதே துண்டை என்ன விலைக்குப் போடலாம் என்று நரிதா வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.